தறிக்குழியில் எத்தனை டிகிரி?

ஏப்ரல் பிறந்ததும் வடமாவட்ட மக்கள் வேலூர் வெயிலைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள். 2024 மே மாதத் தொடக்கத்தில் அங்கே வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையின் சேத்துப்பட்டில் இருப்பவர்களுக்கும் அன்றைய வெயில் கணக்கு அதுதான். ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சிக்கல் புரியும். வானிலை நிலையத்தில், திறந்த வெளியில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வெயிலே படாமல் வைத்திருக்கும் வெப்பமானி காட்டும் அளவு அது. அந்தப் பெட்டிக்குள் யாரும் வேலை செய்வதில்லை. சேத்துப்பட்டு, ஆரணி வட்டாரத்தில் ஆட்கள் வேலை செய்வது தறிக்குழியில், நெல் அவிக்கும் அரிசி ஆலையில், அவித்த நெல்லைக் காயவைக்கும் சிமெண்டுக் களத்தில், செங்கல் சூளையில், மணிலாக் கொல்லையில். அங்கெல்லாம் எத்தனை டிகிரி என்று எந்தச் செய்தியிலும் வருவதில்லை. வெயில் உடம்புக்குச் செய்யும் கேட்டை நாம் இத்தனை காலம் கணக்கில் எடுக்காமல் இருந்ததற்கு முதல் காரணம் இதுதான்: வெப்பத்தை அளக்கும் இடம் ஒன்று, வெப்பத்தில் வேகும் இடம் வேறொன்று.

இந்த இடைவெளியை மூடுவதையே தன் ஆய்வு வாழ்க்கையின் வேலையாக எடுத்துக்கொண்டவர் வித்யா வேணுகோபால். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் தொழில்சார் சுகாதாரம், சுற்றுச்சூழல் சுகாதாரம் ஆகிய துறைகளின் பேராசிரியர். பருவநிலை மாற்றம் என்றால் பனிப்பாறையும் கடல்மட்டமும்தான் பேச்சாக இருந்த காலத்திலேயே, அது உழைப்பவரின் சிறுநீரகத்தையும் கருவையும் எப்படித் தொடுகிறது என்று கேட்டவர்களில் ஒருவர். அவருடைய குழு கருவியை உப்பளத்துக்கும் சூளைக்கும் வயலுக்கும் எஃகு ஆலைக்கும் தூக்கிக்கொண்டு போனது. 'வெட் பல்ப் குளோப்' வெப்பநிலை எனப்படும் அளவை எடுக்கும் கருவி அது. அதில் மூன்று வெப்பமானிகள் உண்டு. ஒன்றில் ஈரத்துணி சுற்றியிருக்கும். வியர்வை எவ்வளவு வேகமாக உலர முடியும் என்பதை அது காட்டும். இன்னொன்று கறுப்பு உருண்டைக்குள் இருக்கும். வெயிலும் உலையும் சுவரும் வீசும் அனலை அது வாங்கும். மூன்றாவது சாதாரணக் காற்றின் சூட்டைச் சொல்லும். வெளியிடத்தில் இவற்றுக்கு முறையே 70, 20, 10 சதவீதம் எடை கொடுத்துக் கூட்டுவார்கள். 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தால் இறந்ததையடுத்து உருவான முறை இது. நடுத்தர உழைப்பை இடைவிடாமல் செய்கிறவருக்கு இந்த அளவில் 28 டிகிரி செல்சியஸ்தான் வரம்பு. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒரு பகுதியை ஓய்வாகக் கொடுக்க வேண்டும்.

2012, 2013 ஆண்டுகளில் அவரும் சகாக்களும் இந்தியாவில் 18 பணியிடங்களில் இப்படி அளந்தார்கள். கோடையில் 82 சதவீதத் தொழிலாளர்கள் வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்தார்கள். அதைவிட என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது இரண்டாவது எண்: வெயில் தணிந்த பருவத்திலும் 42 சதவீதம் பேர் வரம்பைத் தாண்டியிருந்தார்கள். நம்முடைய எச்சரிக்கை முறையோ 'வெப்ப அலை' என்ற ஒன்றை மட்டுமே அறியும். சமவெளியில் வெப்பம் குறைந்தது 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால்தான், அல்லது நேரடியாக 45ஐ எட்டினால்தான், வானிலைத் துறை அதை அலை என்று அறிவிக்கும். மே மாத இயல்பே 39 டிகிரியாக இருக்கிற ஓர் ஊரில் 43 வந்தாலும் இந்தக் கணக்குப்படி அலை கிடையாது. காற்றில் ஈரம் எவ்வளவு என்பதற்கு இந்த வரையறையில் இடமே இல்லை. ஆக, அலை அறிவிக்கப்படாத நாட்களில், பணியிடத்துக்குள், ஆண்டில் பல மாதங்கள் நடக்கிற ஒன்றை, கோடையில் சில நாள் வந்துபோகும் பேரிடராக மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த 'ஒன்று' என்னவென்பதை உப்பளம் தெளிவாகக் காட்டுகிறது. 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை வித்யா வேணுகோபாலின் குழு ஆராய்ந்தது. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வரம்பு மீறிய வெப்பத்தில் உழைத்தார்கள். 7 சதவீதத்தினரின் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. இது நடக்கும் விதம் மருத்துவத்துக்குப் புதிதல்ல. உடம்பு சூட்டைத் தள்ள ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, வியர்வையாக நீரை இறைக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது, சிறுநீர் கெட்டியாகிறது, கடும் உழைப்பில் சிதையும் தசையின் கழிவும் அதே வடிகட்டியில் வந்து சேர்கிறது. ஒரு நாள் நடந்தால் இரவு ஓய்வில் சரியாகிவிடும். ஆண்டுக்கணக்கில் நடந்தால் தழும்பு விழும். சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதான பிறகுதான் பெரும்பாலும் வெளியே தெரியும்; சிலருக்கு அதற்குள் டயாலிசிஸ் பற்றிப் பேசும் நிலையே வந்துவிடும். 2023இல் தமிழக சிறுநீரக மருத்துவர்கள் மாநிலம் முழுக்கச் சுமார் 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய 5 சதவீதத்தினருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ வேறு வழக்கமான காரணமோ கிடையாது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். சிறுநீரகம் கெட வெயில்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அநுராதபுரம் பக்கத்தில், 1990களிலிருந்து நெல் விவசாயிகளை வாட்டும் இதே நோய்க்குக் கிணற்று நீரின் கடினத்தன்மை, பூச்சிமருந்து, கனஉலோகம் என்று பல காரணங்கள் பேசப்பட்டு, விவாதம் இன்றும் முடியவில்லை. ஆந்திரத்தின் உத்தானத்திலும் அப்படியே. நம் ஊரில் உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையும் சிறுநீரகத்துக்கு எதிரிதான். இவை எல்லாம் உண்மை. வெயில் ஒன்றே காரணம் என்று எந்த நேர்மையான ஆய்வாளரும் சொல்லவில்லை. ஆனால் இந்தக் காரணங்கள் தனித்தனியாக வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீர் வற்றிய உடம்பில் அதே அளவு நஞ்சு கூடுதல் செறிவோடு சிறுநீரகத்தை அடைகிறது. வெயிலில் உழைத்த வலிக்குத்தான் மாத்திரையே போடுகிறார்கள். காரணப் பட்டியலில் வெப்பம் எதோடு சேர்ந்தாலும் அதைக் கூட்டிவிடுகிறது. அதோடு, கிணற்று நீரை மாற்றப் பல ஆண்டு ஆகும்; நிழலும் குடிநீரும் ஓய்வும் அடுத்த வாரமே கொடுக்கக்கூடியவை. முழுக் காரணமும் துலங்கும்வரை இந்த மூன்றையும் தள்ளிப்போடுவதற்கு மருத்துவத்தில் எந்த நியாயமும் இல்லை.

குடிநீர் என்று எழுதுவது எளிது. தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும் குடிக்காத பெண்கள் உண்டு என்பதை இதே குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு பதிவு செய்தது. பணியிடத்தில் கழிப்பறை இல்லாத, இருந்தும் போதாத 200 பெண்களில் 87 சதவீதம் பேர் சிறுநீர்ப் பாதை சார்ந்த தொல்லைகள் அவ்வப்போது வருவதாகச் சொன்னார்கள். ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரைக் குறைக்கிறார்கள். ஒதுங்கப் போகும் நேரத்துக்குக் கூலி பிடிப்பார்களோ என்று அடக்கிக்கொள்கிறார்கள். பருவநிலை ஆய்வு என்ற பெயரில் தொடங்கிய வேலை கழிப்பறைக் கதவில் வந்து நின்றது. இந்த ஆய்வு வாழ்க்கையில் நான் பெரிதாக மதிப்பது இந்த இடத்தைத்தான். வெயிலில் 'நிறைய தண்ணீர் குடியுங்கள்' என்று அரசு விளம்பரம் செய்யும்போது, அதைப் பின்பற்ற ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பதை அளந்து சொன்ன ஆய்வு அது.

கர்ப்பிணிகள் பற்றிய ஆய்வு இதற்கு அடுத்த படி. 2017இல் தொடங்கி, தமிழ்நாட்டில் உழைக்கும் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து, 2024இல் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவ இதழில் வெளியானது. முதல் ஆசிரியர் ரேகா சண்முகம். வித்யா வேணுகோபாலும் பிரிட்டனில் பணியாற்றும் ஜேன் ஹர்ஸ்டும் உடன் எழுதியவர்கள். ஏறத்தாழ பாதிப் பெண்கள் வயல், சூளை, உப்பளம் போன்ற வெப்பமான வேலைகளில் இருந்தவர்கள். மற்றவர்கள் பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் இருந்தவர்கள். வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரண்டு மடங்குக்கு மேல். 800 பேர் போதுமா, வயலில் உழைப்பவர் ஏழையாகவும் பள்ளியில் இருப்பவர் கொஞ்சம் வசதியாகவும் இருந்தால் வறுமையின் விளைவை வெயிலின் தலையில் கட்டுவதாகாதா என்று கேட்கலாம். அந்த வேறுபாடுகளைப் புள்ளியியல் முறையில் கழித்த பிறகு வந்த விடைதான் இது. ஆனால் கருச்சிதைவு நேர்ந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் விடையின் பிழை எல்லை அகலமானது; அந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். தனியாக இந்த ஆய்வு மட்டும் இருந்தால் தயங்கலாம். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் வயலில் வேலை செய்த 92 கர்ப்பிணிகளை அனா போனெல் குழு வயலிலேயே சோதித்தது. 2022இல் வெளியான அந்த ஆய்வில், வெப்ப அழுத்தம் ஒரு டிகிரி ஏறும்போது கருவின் திணறல் 17 சதவீதம் கூடியது. வேறு மண், வேறு பயிர், வேறு உணவு. கரு காட்டிய திசை ஒன்றுதான்.

இனி தறிக்கு வரலாம். ஆரணிப் பட்டு நெய்யும் குழித்தறி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதித்து, கையால் நாடாவை ஓட்டுகிறார். குழியின் ஈரம் பாவுக்கு நல்லது. பட்டிழை காய்ந்தால் முறுக்கேறி அறும். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிவதில் நேரம் போகும், கூலி போகும். அதனால் மின்விசிறியைப் பாவின் மேல் நேராக விடமாட்டார்கள், அனல்காற்று வரும் ஜன்னலையும் சாத்திவைப்பார்கள். இழைக்கு வேண்டியது ஈரமான, அசையாத காற்று. மனித உடம்பில் வியர்வை உலராமல் நிற்பதும் சரியாக அதே காற்றில்தான். மேலே சொன்ன கருவியில் ஈரத்துணி வெப்பமானிக்கு மற்ற இரண்டையும்விடக் கூடுதல் எடை தருவது ஏன் என்பது தறிக்குழியில் விளங்கும்: வெளியே 38 டிகிரி காய்ந்த சூட்டில், நிழலில் நிற்பவரைவிட, உள்ளே 35 டிகிரி புழுக்கத்தில் மிதி மிதிப்பவருக்குச் சுமை கூடலாம். அதே அறைக்கு அடுத்தாற்போல் அடுப்படி. தார் சுற்றுவதும் சமைப்பதும் அநேகமாக வீட்டுப் பெண்ணே. மேலே சிமெண்டு ஓடோ காங்கிரீட்டோ இருந்தால் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் இறக்கும். பகலில் தேய்ந்த உடம்பு ஆறவேண்டிய நேரமும் அப்படிப் போய்விடுகிறது. அரிசி ஆலைக் களத்தில் வேறு விதம். ஆவி பறக்க அவித்த நெல்லைக் கொட்டிப் பரப்பி, பெண்கள் வெறுங்காலால் வரிவரியாகக் கிண்டிக்கொண்டே நடக்கிறார்கள். கீழே நெல்லின் ஆவி, மேலே உச்சிவெயில். வேலூர் வெப்பமானிக்கு இவை எதுவும் தெரியாது.

'நம் முன்னோர் இந்த வெயிலில்தான் வாழ்ந்தார்கள், நம் உடம்புக்கு இது பழக்கம்' என்பது அடிக்கடி கேட்கிற பதில். பழக்கம் என்பது உண்மைதான். ஒன்றிரண்டு வாரம் வெயிலில் வேலை செய்தால் உடம்பு சீக்கிரம் வியர்க்கவும் உப்பைக் குறைவாக இழக்கவும் கற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த 28 டிகிரி வரம்பே, வெயிலுக்குப் பழகிய தொழிலாளரை வைத்து வகுத்தது. பழகாதவருக்கு வரம்பு அதையும்விடக் குறைவு. பழக்கம் தரக்கூடிய பாதுகாப்பு முழுவதும் கணக்கில் சேர்ந்துவிட்ட பிறகுதான் உப்பளத்தில் பத்தில் ஒன்பது பேர் வரம்புக்கு வெளியே நின்றார்கள். முன்னோர் வாழ்ந்த காற்றும் இது அல்ல. மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீட்டின்படி 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. சின்ன எண்ணாகத் தெரியும். வரம்பின் விளிம்பில் வேலை செய்கிறவருக்கு ஆண்டில் எத்தனை நாள் விளிம்புக்கு அந்தப் பக்கம் கழிகிறது என்பதை அந்தச் சின்ன எண்தான் தீர்மானிக்கிறது. ஆலையின் உலை பருவநிலை மாற்றத்தால் வந்ததில்லை என்பதும் சரியே. ஆனால் உலைக்குப் பக்கத்தில் நின்றவர் வெளியே வந்து ஆறிக்கொண்ட காற்று இப்போது ஆற்றுவதில்லை.

கடினமான மறுப்பு கூலியைப் பற்றியது. புடவைக் கணக்கில் கூலி வாங்கும் நெசவாளரிடமும், கல் கணக்கில் வாங்கும் சூளைத் தொழிலாளியிடமும் 'நண்பகலில் ஓய்வெடுங்கள்' என்றால், பட்டினி கிடங்கள் என்று சொல்வதாகும். இந்த மறுப்புக்குப் பாதி பதில் எல் சால்வடோரின் கரும்புத் தோட்டத்தில் கிடைத்தது. அங்கே வெட்டுக்கூலிகளிடம் சிறுநீரக நோய் பரவியதால், 2015 வாக்கில் கையோடு சுமக்கும் தண்ணீர்ப் பை, நகர்த்தக்கூடிய நிழற்பந்தல், கட்டாய இடைவேளை, மேம்பட்ட அரிவாள் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் நாளொன்றுக்கு வெட்டிய கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக உயர்ந்தது. அரிவாளின் பங்கும் அதில் உண்டு. ஆனாலும் ஓய்வு உற்பத்தியைக் கெடுக்கும் என்ற அச்சம் அங்கே பொய்த்தது. எதிர்ப்பக்கக் கணக்கும் இருக்கிறது. 2030இல் வெப்பத்தால் இந்தியா இழக்கப்போகும் வேலைநேரம் 5.8 சதவீதம், அதாவது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் கணித்தது. ஓய்வு தராவிட்டாலும் அந்த நேரம் போகத்தான் போகிறது. தளர்ச்சியாக, தவறாக, மருத்துவமனை நாளாகப் போகும்.

மீதிப் பதிலை அரசுதான் தரவேண்டும், அதற்கான முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பு விளையாதபோது உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறார்கள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை இருக்கும்போது மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் போகிறது. இயற்கை வேலையை நிறுத்தினால் கூலியிழப்பில் பங்கேற்பது அரசின் கடமை என்பது இங்கே ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கொள்கை. அதை வெயிலுக்கும் நீட்டுவதுதான் பாக்கி. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல அடி. ஆனால் அந்தப் பணம் இறப்பில் தொடங்குகிறது, அதுவும் அலை என்று அறிவிக்கப்பட்ட வெயிலால் வந்த இறப்பில். மெல்லக் கெட்ட சிறுநீரகமும் மூன்றாம் மாதத்தில் கலைந்த கருவும் அந்தக் கணக்கில் வராது. குஜராத்தை மையமாகக் கொண்ட சேவா அமைப்பு 2024இல் சுமார் 50,000 பெண்களுக்கு வெப்பக் காப்பீடு எடுத்து, வெப்பம் ஒரு வரம்பைத் தாண்டிய நாட்களில் தானாகப் பணம் போகும்படி செய்தது. இறக்கும்வரை காத்திருக்காத முறை அது. அதிலும் வரம்பை வெளிவெப்பத்தை வைத்தே நிர்ணயிக்கிறார்கள். தறிக்குழியும் நெல் அவிக்கும் தொட்டியும் அதற்குள் அடங்க வேண்டும் என்றால் அளவீடு பணியிடத்துக்குள் வரவேண்டும்.

சேத்துப்பட்டு, ஆரணி வட்டாரத்தில் இதைத் தொடங்கப் புதிய துறை எதுவும் வேண்டாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சங்கத்துக்கு ஒரு கருவி என்று கொடுத்து, மார்ச் முதல் ஜூன் வரை சில தறிக்கூடங்களிலும் களங்களிலும் அளந்து எழுதிவைத்தால், எந்த மாதத்தில் எந்த மணியில் வரம்பு மீறுகிறது என்று இரண்டு கோடையில் தெரிந்துவிடும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வருகிறார்கள். வெப்பத்தில் உழைப்பவருக்கு ஆண்டுக்கொரு முறை கிரியாட்டினின் சோதனையையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம், சிறுநீரக நோய் முற்றுமுன்னே தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி தவணை தவணையாக வருகிறது. சூளையிலும் களத்திலும் வேலை செய்யும் பெண்ணின் கர்ப்பத்தின் முதல் மாதங்கள் கோடையில் விழுந்தால், அவருக்கு மட்டும் தனித் தொகை ஒன்றைச் சேர்த்து, முதல் மூன்று மாதத்திலேயே வேலையை விட்டு நிற்க முடிகிற அளவுக்கு முன்கூட்டிக் கொடுக்க வேண்டும். கருச்சிதைவு பெரும்பாலும் நடப்பது அந்த மாதங்களில்தான். இன்று பல பெண்கள் ஏழாம், எட்டாம் மாதம்வரை களத்தில் நிற்பதற்குக் காரணம் அறியாமை அல்ல, அந்த வாரக் கூலி.